பையில் ஒரு மடக்குக் கத்தி: வாசகர் கேள்வி பதில்

அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளும் சிறிய மடக்குக் கத்தியைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு புத்தகக் கிடங்கில் வேலை செய்கிறேன். அட்டைப் பெட்டி பிரிப்பதற்கும், ராஃபியா கயிறு அறுப்பதற்கும், மதிய வேளையில் ஒரு பழம் நறுக்குவதற்கும் மடக்குக் கத்தி ஒன்று வாங்க விரும்புகிறேன். கடைக்காரர் எடுத்துக் காட்டியவற்றில் பாதிக்கு மேல் சண்டைக்குச் செய்தவை போலத் தோன்றின. அலகு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? பூட்டு உள்ளது நல்லதா, இல்லாதது நல்லதா?
– செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: எந்தக் கத்தி என்று கேட்பதற்கு முன்பே எதை வெட்டப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அட்டையும் கயிறும் மட்டுமே உங்கள் வேலை என்றால், மடக்குக் கத்தியே தேவையில்லை என்று சொல்லியிருப்பேன். முனை மழுங்கியதும் ஒடித்துவிட்டு அடுத்த முனையைத் தள்ளிக்கொள்ளும் கட்டர், 1956இல் ஜப்பானின் ஒசாகா நகரில் யோஷியோ ஒக்காதா என்பவர் உருவாக்கிய அமைப்பு. கிடங்கு வேலைக்கு அதைவிட மலிவாகவும் பொருத்தமாகவும் இன்றுவரை வேறொன்று வரவில்லை. அட்டை எந்த நல்ல அலகையும் விரைவில் மழுங்கடிக்கும். டேப்பின் பசை அலகில் ஒட்டிக்கொண்டு கீல்வரை இறங்கும். எனவே பெட்டிகளுக்கு ஒரு கட்டர் கிடங்கிலேயே இருக்கட்டும். பழத்துக்கும் கயிற்றுக்கும் அவ்வப்போது வந்து சேரும் சில்லறை வேலைகளுக்கும் மட்டும் மடக்குக் கத்தி என்று பிரித்துக்கொண்டால், பழம் நறுக்கும் அலகு பழம் நறுக்கும் அளவுக்குச் சுத்தமாகவே இருக்கும்.

அந்த வேலைகளுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளமுள்ள அலகு தாராளம். மங்குஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் நடுவே அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அலகைப் பதித்து, பழத்தை உள்ளங்கையில் உருட்டியபடி ஒரு சுற்றுக் கீறி, மேல் பாதியைத் திருகினால் வெள்ளைச் சுளை சிதையாமல் கழன்று வரும். அங்கே வேலை செய்வது அலகின் முனையை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே. ஓர் ஆப்பிளை இரண்டாகப் பிளக்க 7 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பையில் எடையாகவும், பார்ப்பவர் கண்ணில் உறுத்தலாகவும் சேருமே தவிர வெட்டும் திறனைக் கூட்டாது.

நீளத்தைவிட மெல்லிய தன்மையைக் கவனியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். கடைக்காரர் உங்களுக்குக் காட்டிய முரட்டுக் கத்திகளில் பலவற்றின் அலகு முதுகுப் பக்கம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கும். எவ்வளவு கூராக இருந்தாலும் அத்தகைய அலகு பழத்துக்குள் பாதி இறங்கியதும் ஆப்பு அடித்ததைப் போலப் பிளக்கத் தொடங்கும்; வெட்டிய முகம் ஒழுங்காக இருக்காது. முதுகில் 2 மில்லிமீட்டர் அளவிலும், அங்கிருந்து கூர்விளிம்பு வரை சீராக மெலிந்தும் வரும் அலகு சாதாரண எஃகால் ஆனதாக இருந்தாலும் இனிமையாக வெட்டும்.

இனி பூட்டு. மடக்குக் கத்திகளில் பழமையான அமைப்பு, பிடியின் முதுகில் உள்ள வில் அலகின் அடிப்பகுதியை அழுத்தித் திறந்த நிலையில் நிறுத்துவது. அதில் பூட்டு இல்லை. முதுகுப் பக்கமாக அழுத்தினால் அலகு மடங்கிவிடும். பூட்டு உள்ளவற்றில் பிடியின் முதுகில் ஒரு கொக்கி விழுந்து பிடிப்பது ஒரு வகை. பிடியின் உட்புறத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் பின்னால் போய் முட்டுக் கொடுப்பது இன்னொரு வகை. குத்துதல், துளைத்தல், திருகுதல் போன்ற வேலைகளில் பூட்டில்லாத கத்தி விரலின் மேல் மடங்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன வேலைகள் எல்லாமே கூர்ப்பக்கத்தை அழுத்தி இழுப்பவை. அந்த அழுத்தம் அலகைத் திறந்த நிலையிலேயே வைத்திருக்கும். ஆகவே உங்களுக்குப் பூட்டில்லாத வகையே போதும். அடுத்த கேள்வியில் வரும் சட்டத்தையும் எண்ணிப் பார்த்தால், அதுதான் மேலும் பொருத்தம்.

பெயர் சொல்ல வேண்டுமென்றால், சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் கத்திகளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கார்ல் எல்செனர் 1884இல் இபாக் என்னும் ஊரில் தொடங்கிய பட்டறை அது. 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி வழங்கியது. இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்தியின் மூல வடிவத்தை 1897இல் பதிவு செய்தது. அவற்றில் மிகச் சிறியது மடித்த நிலையில் 58 மில்லிமீட்டர். சாவிக்கொத்தில் தொங்கினாலும் தெரியாத எடை. ஆனால் அது நூல் நறுக்கவும் கடித உறை பிரிக்கவும்தான் வசதி. பழம் நறுக்கும்போது பிடி இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். மடித்த நிலையில் 84 அல்லது 91 மில்லிமீட்டர் உள்ள அளவுகள் நான்கு விரலுக்கும் இடம் தருகின்றன. உங்களுக்கு அவற்றில் ஒன்றைச் சொல்வேன். அதிலும் கருவிகள் குறைவாக உள்ளதை எடுங்கள். கருவி கூடக்கூடப் பிடி தடித்து, கடைசியில் பை கனக்கிறது என்று வீட்டிலேயே கிடக்கும்.

வாங்கும்போது கடையிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். கத்தியை மடித்து விளக்கொளிக்கு எதிராகப் பிடித்து, அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நேராகப் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்து, அலகின் நுனியைப் பிடித்து இடவலமாக மெல்ல அசையுங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுக்கும்போது வில் விறைப்பாக இருக்க வேண்டும், நகம் ஒடியும் அளவுக்கு அல்ல. பூட்டுள்ள கத்தியானால், விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தட்டக் கூடாது, தட்டினால் நல்ல பூட்டும் பழுதாகும்.

கேள்வி: 3 அங்குலத்துக்குக் குறைவான மடக்குக் கத்தியைச் சட்டப்படி யாரும் வைத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் படித்தேன். அப்படியானால் எல்.ஆர்.டி. ரயிலில் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் பையில் வைத்திருப்பதில் தவறில்லையா?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்

பதில்: நீங்கள் படித்தது இங்கிலாந்துச் சட்டம். அங்கே 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை மலேசியாவுக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பது பெரிய ஆபத்து. தயவுசெய்து அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இங்கே பொருந்துவது 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டம். தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியையும் உள்ளடக்கும் அளவுக்கு அதில் ஆயுதம் என்பதற்கான விளக்கம் விரிவானது. பொதுச் சாலையிலோ பொது இடத்திலோ, சட்டப்படியான அதிகாரமோ சட்டத்துக்கு உட்பட்ட நோக்கமோ இல்லாமல் அத்தகைய ஒன்றை வைத்திருப்பது 6(1)ஆவது பிரிவின்படி குற்றம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மேற்படாத சிறை, பிரம்படியும் விதிக்கப்படலாம். அலகு இத்தனை சென்டிமீட்டருக்குள் இருந்தால் குற்றமில்லை என்னும் சலுகையை நம்பி நீங்கள் தப்ப முடியாது. எல்லாம் நோக்கத்தில் வந்து நிற்கிறது.

ஆகவே நான் கடைப்பிடிக்கச் சொல்லும் வழி இது: கத்தி வேலையோடு போக வேண்டும், வேலை இல்லாத நாளில் வீட்டில் இருக்க வேண்டும். கிடங்குக்குப் போகிறவர் தம் கருவிப் பையில், அளவு நாடாவுக்கும் திருப்புளிக்கும் பக்கத்தில் அதை வைத்திருந்தால், காவல்துறையினர் நிறுத்திக் கேட்கும்போது சொல்லும் காரணமும் பையில் இருப்பதும் ஒத்துப்போகும். சுற்றுலாவுக்குப் போகும் குடும்பம் உணவுக் கூடையில், தட்டுகளோடும் பழங்களோடும் வைத்திருந்தாலும் அப்படியே. இரவு 11 மணிக்கு நண்பர்களோடு தேநீர் குடிக்கப் போகிறவரின் கால்சட்டைப் பையில் அதே கத்தி இருந்தால், அது என்ன வேலைக்கு என்று அவரால் என்ன சொல்ல முடியும்? தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான பதில். அதை ஆயுதமாகவே எடுத்து வந்தேன் என்று நீங்களே ஒப்புக்கொள்வதாக அது ஆகிவிடும்.

தோற்றமும் முக்கியம். பொத்தானை அழுத்தினால் துள்ளித் திறப்பவை, கறுப்புப் பூச்சும் ஈட்டிமுனையும் கொண்டவை, விரல் மாட்டும் வளையம் உள்ளவை ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். இரண்டு கையாலும் நிதானமாகத் திறக்க வேண்டிய, தக்கைத் திருகியும் குப்பி திறப்பானும் சேர்ந்த கத்தி பார்த்த மாத்திரத்தில் கருவியாகத் தெரியும். அதற்காக அது சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றுவிட்டது என்று பொருளல்ல.

கோயிலைப் பற்றிக் கேட்டீர்கள். பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்கிறவர்களுக்குக் கத்தி கட்டாயம் தேவைப்படும். அரிசி மூட்டையின் தையலைப் பிரிக்க, வாழையிலையை நறுக்க, பந்தல் கயிற்றை அறுக்க வேண்டியிருக்கும். அந்தக் கத்தி பந்தலின் சமையல் பெட்டியில் இருந்து, அங்கேயே எடுத்து, அங்கேயே திரும்ப வைக்கப்பட வேண்டும். சாமி கும்பிடக் கூட்டத்துக்குள் போகும்போது அது உங்கள் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. உங்கள் தொழிலின் தன்மையால் தினமும் கத்தி எடுத்துச் செல்ல வேண்டிய கட்டாயம் இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற ஓப்பினல் மரப்பிடிக் கத்தி என்னிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் பிடிக்குள் இறுகிக்கொண்டு திறக்கவே வருவதில்லை. அலகிலும் புள்ளி புள்ளியாகத் துரு ஏறுகிறது. துருப்பிடிக்காத எஃகில் வேறொன்று வாங்கிவிடலாமா?
– பட்டர்வொர்த் வாசகி, பினாங்கு

பதில்: அம்மா, அந்தக் கத்தியை ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டு குறைகளும் தீரக்கூடியவை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி அது. 1897 முதல் அளவுக்கு ஏற்ப எண் இடப்பட்டது. அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல் சேர்ந்தது. குளிர்ந்த மலைநாட்டுக்குச் செய்த மரப்பிடி நம் கடலோரக் காற்றில் ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது, பிடியில் உள்ள பிளவு குறுகி அலகைக் கவ்விக்கொள்கிறது.

இறுகிவிட்டால் நகத்தால் இழுத்துப் போராட வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையைக் கெட்டியான மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு பிடிக்கும் அளவுக்கு வெளியே எழும். சவோய் மக்கள் கையாளும் முறையே இதுதான். நிரந்தரமாகச் சரிசெய்ய, கத்தியைச் சில நாள் உலர்ந்த இடத்தில் திறந்து வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், பிடி வெடிக்கும். பிறகு உப்புத்தாளை மடித்துப் பிளவின் உட்பக்கச் சுவர்களை இலேசாகத் தேய்த்து, தேய்த்த மரத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசிக் காயவிடுங்கள். எண்ணெய் ஊறிய மரம் ஈரத்தை அவ்வளவு எளிதில் ஏற்காது.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். துரு ஏறுவதைப் பார்த்தால், உங்கள் கத்தி துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகால் ஆனதாகத்தான் இருக்கும். பழச்சாறும் எலுமிச்சையும் பட்டு அதன் அலகு சாம்பல் நிறமாகவும் நீலம் பாய்ந்ததாகவும் மாறுவது இயல்பு. அந்தப் படலம் கெடுதல் செய்யாது, மாறாக ஓரளவு காப்பாகவும் அமையும். செந்நிறத்தில் பொருக்காக எழுவதுதான் துரு. அதைச் சிறிது எண்ணெய் விட்டு மிக நுண்ணிய எஃகு நாரால் தேய்த்து எடுங்கள். பயன்படுத்திய உடனே கழுவித் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு அலகில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அது நாளடைவில் சிக்குப் பிடித்துக் கீலில் ஒட்டும். தோலுறையில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் உடனே விடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகை உள்ளிருந்தபடியே அரிக்கும்.

துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதும் முற்றிலும் துருப்பிடிக்காதது அன்று. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும்போது, அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அலகைப் போர்த்திக்கொள்கிறது. கடல்நீரிலும் வியர்வையிலும் உள்ள உப்பு அந்தப் படலத்தை இடையிடையே துளைக்கும். அங்கே ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் விழும். நாள் முழுதும் இடுப்புப் பையில் வியர்வையோடு இருக்கும் கத்திக்கும், துறைமுகத்தருகே திறந்த வெளியில் பயன்படும் கத்திக்கும் இது நேரும். எனவே புதியதாக ஒன்று வாங்கினாலும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கும் வேலை உங்களை விட்டுப் போகாது. வெளியே எடுத்துச் செல்லத் துருவேறாத வகை ஒன்று இருக்கட்டும். அப்பாவின் கத்தி அடுக்களையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் தினமும் வேலை செய்யட்டும். கார்பன் எஃகு தீட்டுவதற்கு எளிது, தீட்டிய கூரும் அருமையாக இருக்கும்.

கேள்வி: பினாங்கிலிருந்து விமானத்தில் போகும்போது சாவிக்கொத்தில் உள்ள சிறிய கத்தியை வைத்துக்கொள்ளலாமா?
– பாயான் லெப்பாஸ் வாசகர், பினாங்கு

பதில்: பயணிகள் அறைக்குள் எடுத்துச் செல்லும் பையிலும் சட்டைப் பையிலும் வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் துணிக்குள் சுற்றி வைக்கலாம். கைப்பை மட்டும் எடுத்துப் போகும் மலிவுக் கட்டணப் பயணமானால், முந்தின இரவே சாவிக்கொத்திலிருந்து கழற்றி வையுங்கள். அமெரிக்காவில் 6 சென்டிமீட்டருக்குட்பட்ட சிறு கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்கப்போவதாக 2013இல் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததால் அதே ஆண்டில் கைவிட்டார்கள். போய் இறங்கும் நாட்டின் சட்டமும் வேறாக இருக்கும் என்பதால், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கத்தியே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: 12 வயதான என் மகன் சாரணர் இயக்கத்தில் சேர்ந்திருக்கிறான், தனக்கென்று ஒரு மடக்குக் கத்தி கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– செராஸ் வாசகி, கோலாலம்பூர்

பதில்: வாங்கலாம், ஆனால் அது உங்கள் அலமாரியில் இருக்கட்டும், நீங்களோ அவன் அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவன் கைக்குப் போகட்டும். பள்ளிப் பையில் ஒருபோதும் போகக் கூடாது. முகாமுக்குத் தேவை என்றால் பொறுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்துவிடுங்கள். முனை உருண்டையாகச் செய்யப்பட்ட சிறுவர் கத்திகள் விற்பனையில் உள்ளன. பூட்டும் இருந்தால் இந்த வயதுக்கு நல்லது, ஏனெனில் பிள்ளைகள் குச்சி சீவும்போது அலகைப் பலவாறு திருகுவார்கள். முதலில் மூன்று பழக்கங்களை ஊட்டுங்கள். கையை நீட்டிச் சுற்றினால் யாரும் எட்டாத தூரத்தில் உட்கார வேண்டும். உடம்புக்கு வெளிப்புறமாகச் சீவ வேண்டும். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடித்துக் கொடுக்க வேண்டும். இவை கைவந்த பிறகு, சப்பாத்திக்கு வெள்ளரிக்காய் நறுக்கும் வேலையை அவனிடமே விடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய மடக்குக் கத்தி மழுங்கிவிட்டது. சந்தையில் மின்சாரச் சாணை வைத்திருப்பவரிடம் கொடுக்கலாமா, வீட்டிலேயே தீட்ட முடியுமா?
– ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு

பதில்: மீன் வெட்டும் பெரிய கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுங்கள், மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணையில் மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அறியலாம். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டில் தீட்ட 1000 என்று நுண்மை எண் குறித்த தண்ணீர்க் கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி போட்டு வையுங்கள். புதியவர்களுக்குக் கடினமாக இருப்பது சாய்வுதான். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வேண்டும். அதைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட அளந்துகொள்வது எளிது: அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால், கூர்விளிம்பு கல்லில் படும்படி வைத்து முதுகை 5 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை, 4 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறக்குறைய 15. முதல் சில இழுப்புகளில் மட்டும் இந்த உயரத்துக்குச் சில்லறைக் காசுகளை அடுக்கி முதுகுக்கு அண்டக் கொடுத்துப் பாருங்கள்; கை பழகிக்கொள்ளும்.

ஒரு பக்கத்தை மட்டும் அடியிலிருந்து நுனிவரை சீராகத் தேய்த்துக்கொண்டே வந்து, இடையிடையே மறுபக்கத்தைக் கட்டைவிரலால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல வருடிப் பாருங்கள். விளிம்பில் நுண்ணிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அது அலகின் முழு நீளத்துக்கும் எழும்வரை பக்கம் மாற்றாதீர்கள். பெரும்பாலோர் பொறுமை இழந்து விடுவது இங்கேதான், கூர் வராமல் போவதற்கும் அதுவே காரணம். பிறகு மறுபக்கம் அதே அளவு. கடைசியாக, அழுத்தமே கொடுக்காமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சிலமுறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். நன்கு பழுத்த தக்காளியின் தோலில் அலகை வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் பிடித்துக்கொண்டால் தீட்டியது சரி.

கல் வாங்கும்வரை, பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் அதே சாய்வில் தேய்த்துச் சமாளிக்கலாம். எதில் தீட்டினாலும், முடித்ததும் கத்தியைத் திறந்த நிலையில் ஓடும் தண்ணீரில் காட்டிப் பிடிக்குள் சேர்ந்த கல்பொடியைக் கழுவி, நன்றாக உலர்த்திய பின் கீலில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு இரண்டு மூன்று முறை திறந்து மடியுங்கள். வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டால் பழம் நறுக்கும்போது அதன் வாடை வராது.